பூவா, தலையா, குதிரையா? கெல்ட்டியரின் வெள்ளிக் காசுகளைப் படிப்பது எப்படி

காசு சுண்டும்போது நாம் "பூவா, தலையா" என்று கேட்கிறோம். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் டான்யூப் ஆற்றங்கரையில் யாராவது காசு சுண்டியிருந்தால் "குதிரையா, தலையா" என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அங்கே கெல்ட்டியர் அடித்த வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் தாடி வைத்த தலை, மறுபக்கம் குதிரை. ஆனால் முதன்முறை பார்க்கிறவருக்கு இரண்டுமே சட்டென்று பிடிபடாது. தலை இருக்க வேண்டிய இடத்தில் உருண்டைகளும் சுருள்களும் தெரியும். குதிரை இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகளும் கோடுகளும், வாசலில் யாரோ பாதியில் விட்டுப்போன புள்ளிக்கோலம் மாதிரி. வரையத் தெரியாத ஆள் அடித்த காசு என்று நினைத்து அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடத் தோன்றும். ஐரோப்பிய அறிஞர்கள் பலரும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

இந்தக் காசுகளைப் படிக்க ஒரு சாவி இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு கிரேக்கக் காசோ ரோமானியக் காசோ மூலமாக நிற்கிறது. அந்த மூலத்தை முதலில் பார்த்துவிட்டு, கெல்ட்டியர் அதிலிருந்து எதை விட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் கோலம் மெல்ல விளங்க ஆரம்பிக்கும்.

யார் இந்தக் கெல்ட்டியர்?

ஒரே நாடோ ஒரே அரசோ அல்ல. இன்றைய பிரான்ஸ், தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, பிரிட்டன் என்று பரவிக் கிடந்த, ஒன்றுக்கொன்று உறவுள்ள மொழிகளைப் பேசிய பல இனக்குழுக்களுக்கான பொதுப்பெயர் அது. பிரான்ஸ் பக்கம் இருந்தவர்களை ரோமானியர் கௌல் மக்கள் என்றார்கள். காசுச் சந்தையில் இந்தப் பெயரை இன்னும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். கீழ் டான்யூப் பகுதியிலிருந்து வரும் "கெல்ட்டியக்" காசுகளில் கணிசமானவை கெட்டர், டேசியர் போன்ற அக்கம்பக்கத்து மக்கள் அடித்தவை. வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இவர்கள் தங்களைப் பற்றி நூல் எதுவும் எழுதி வைக்கவில்லை. கணக்குவழக்குக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினாலும், தங்கள் சமய போதனைகளை எழுத்தில் வைப்பது சரியல்ல என்று அவர்களுடைய துரூயிட் குருமார்கள் கருதினார்கள் என்று ஜூலியஸ் சீசர் குறித்திருக்கிறார். அதனால் அவர்கள் மனதில் என்னென்ன உருவங்கள் ஓடின என்று தெரிந்துகொள்ள நமக்கு வாய்த்தவற்றில் இந்தக் காசுகளுக்கு முக்கிய இடம் உண்டு. எண்ணிக்கையிலும் இவை ஏராளம்.

பிலிப்பின் குதிரை

மூலக் காசுகளில் தலையாயது மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் அடித்த வெள்ளி டெட்ராட்ராக்ம், அதாவது நான்கு திராக்மா காசு. பிலிப் ஆண்டது கி.மு. 359 முதல் 336 வரை. மகா அலெக்சாண்டரின் அப்பா. காசின் எடை சுமார் 14.4 கிராம். நம் 5 ரூபாய்க் காசின் அகலம்தான் இருக்கும், ஆனால் கனம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

முன்பக்கத்தில் ஜீயஸ் கடவுளின் தலை, பக்கவாட்டில். அடர்ந்த தாடி, அலையலையான முடி, நெற்றியைச் சுற்றி இலைமாலை. பின்பக்கத்தில் குதிரை மேல் ஒரு வீரன். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தொப்பி போட்ட அரசன் கையை உயர்த்தியபடி குதிரையில் போகிறான். மற்றொன்றில் ஓர் இளம் பந்தய வீரன், கையில் வெற்றிக்கு அடையாளமான பனைவகை ஓலை. கி.மு. 356 ஒலிம்பிக் பந்தயத்தில் பிலிப்பின் குதிரை ஜெயித்தது. அந்தப் பெருமையை அவன் காசில் ஏற்றிவிட்டான். மேலே "ஃபிலிப்பூ" என்று கிரேக்க எழுத்து, "பிலிப்புடையது" என்று பொருள். பிலிப் என்ற பெயருக்கே குதிரைப் பிரியன் என்றுதான் அர்த்தம். பொருத்தமான காசு.

பிலிப் செத்த பிறகும் இந்தக் காசை மாசிடோனியப் பட்டறைகள் அடித்துக்கொண்டிருந்தன, ஏனென்றால் வடக்கே டான்யூப் பக்கம் இதற்கு நல்ல மதிப்பு. அந்தப் பக்கத்துக் கெல்ட்டியர் பலர் கிரேக்க அரசர்களிடம் கூலிப்படையாகப் போனவர்கள். சில சமயம் கூலி வாங்காமலே வந்து கொள்ளையடித்தவர்களும் அவர்களே. கி.மு. 279-இல் மாசிடோனிய அரசன் டாலமி கெரௌனோஸைப் போரில் கொன்றார்கள். அதே ஆண்டு பிரென்னுஸ் என்ற தலைவனோடு கிரேக்கத்தின் டெல்பிக் கோயில்வரை போனார்கள். கூலியோ கொள்ளையோ, வெள்ளி வடக்கே போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்துத் தாங்களே காசு அடிக்க ஆரம்பித்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 14 கிராம் வெள்ளிக் காசைக் கொடுத்து யாரும் முட்டையும் கீரையும் வாங்கியிருக்க முடியாது. இது சில்லறை இல்லை. படைவீரனுக்குக் கூலி, தலைவன் தன் ஆட்களுக்குத் தரும் வெகுமதி, குடும்பத்தின் சேமிப்பு, கடவுளுக்குக் காணிக்கை என்று பெரிய காரியங்களுக்கான பணம்.

காசின் மேல் கண்ணாடி வைத்துப் பார்த்தால்

முதலில் வந்த நகல்கள் மூலத்தை ஒட்டியே இருக்கின்றன. கிரேக்க எழுத்து மட்டும் தடுமாறும். அடுத்தடுத்த தலைமுறைகளில்தான் வேடிக்கை.

ஜீயஸின் தாடி முதலில் கொத்துக்கொத்தாகப் பிரிகிறது, பிறகு முத்துக்கோத்த மாதிரி புள்ளி வரிசையாகிறது. தலையிலிருந்த இலைமாலை, நெல்மணிகளை அடுக்கிய மாதிரி ஒரு பட்டை. உதடுகள் இரண்டும் இரண்டு உருண்டைகள். கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. கன்னம் சில காசுகளில் தனியே உப்பிப் பந்தாக நிற்கும்.

பின்பக்கத்தில் வீரனின் கால்கள் காணாமல் போகின்றன. பிறகு இடுப்புக்கு மேல் மட்டும் ஒரு பொம்மை குதிரை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சிலவற்றில் அதுவும் போய், குதிரைக்கு மேலே ஒரு வளைவோ ஒரு புள்ளியோ மிதக்கும். மூலத்தை அறியாதவருக்கு அது ஒரு ஆள் என்று எந்த ஜோசியராலும் சொல்ல முடியாது. பிலிப்பின் பெயர் சில செங்குத்துக் கோடுகளாகிப் பிறகு மறைந்துவிடுகிறது. குதிரை மட்டும் போகவே இல்லை. அதன் மூட்டுகள் புள்ளிகள், கால்கள் கோடுகள், பிடரிமயிர் சீப்புப் பற்கள். நல்ல காசுகளில் அது மூலத்தைவிட வேகமாக ஓடுகிற மாதிரி இருக்கிறது என்பது என் கருத்து.

ஜெர்மன் மொழி ஆய்வாளர்கள் இந்த வகைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களே ஒரு தனி ரசனை. "பந்துக்கன்னம்" என்று ஒரு வகை. "அலகுக்குதிரை" என்று ஒன்று, வாய் பறவையின் அலகு மாதிரி நீண்டிருப்பதால். "மரச்சவாரிக்காரன்" என்று இன்னொன்று, அதில் வீரனோடு ஒரு மரக்கிளை முளைத்து நிற்கும். பந்தய வீரன் பிடித்திருந்த ஓலை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

பல டான்யூப் காசுகளில் குறுக்கே ஓர் உளிவெட்டும் இருக்கும். அது வடிவமைப்பில் சேர்ந்ததில்லை. உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளித்தகடு போர்த்திய கள்ளக்காசுகள் அப்போதே உண்டு. வாங்குகிறவர் உளியால் ஒரு போடு போட்டு, உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்த்திருக்கிறார்.

பட்டறையில் என்ன நடந்தது

வெள்ளியை உருக்கி வில்லையாக வார்ப்பார்கள். சிறு குழிகள் வரிசையாக உள்ள களிமண் தட்டுகளில் சரியாக நிறுத்த உலோகத்தைப் போட்டு உருக்கினால் ஒரே எடையுள்ள உருண்டைகள் கிடைக்கும். அப்படிப்பட்ட தட்டுகளின் உடைந்த துண்டுகள் இங்கிலாந்தின் ஓல்டு ஸ்லீஃபர்டில் ஆயிரக்கணக்கில் அகப்பட்டிருக்கின்றன. உருண்டையைத் தட்டையாக்கி, பட்டடையில் பதித்த கீழ் அச்சின் மேல் வைத்து, மேல் அச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. காசு தயார்.

இதில் புதிதாகப் பார்க்கிறவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அச்சு பெரும்பாலும் வில்லையைவிடப் பெரியது. அதனால் முழு உருவமும் எந்த ஒரு காசிலும் விழாது. ஒன்றில் மூக்கு இருக்கும், காது இருக்காது. இன்னொன்றில் குதிரையின் பின்பாதி மட்டும். முழுப்படம் வேண்டுமென்றால் ஒரே அச்சில் அடித்த பல காசுகளை வரிசையாக வைத்து மனதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் கண்ணில் குறை இல்லை, காசே பாதிதான்.

தேய்மானமும் உண்டு. ஓர் அச்சை முற்றிலும் தேயும்வரை பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹங்கேரிப் பக்கத்துச் சில காசு வகைகளில் முன்பக்கம் தலையே இல்லாமல் வெறும் மொழுக்கையான மேடாகத்தான் இருக்கிறது.

ஈயடிச்சான் காப்பியா?

பழைய ஓலையைப் படியெடுத்தவர், அதில் செத்து ஒட்டியிருந்த ஈயைப் பார்த்துத் தானும் ஓர் ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டிய கதை நமக்குத் தெரியும். கெல்ட்டியக் காசுகளைப் பற்றிய பழைய விளக்கம் கிட்டத்தட்ட அந்தச் சாடையில்தான் இருந்தது: புரியாமல் படியெடுத்தார்கள், படியைப் பார்த்து அடுத்தவர் படியெடுத்தார், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கெட்டது.

இதை ஒழுங்கான ஆய்வாக்கியவர் ஜான் ஈவன்ஸ் என்ற ஆங்கிலேயர், கிரீட் தீவின் நொஸோஸ் அரண்மனையைத் தோண்டிய ஆர்தர் ஈவன்ஸின் தகப்பனார். பிலிப்பின் தங்கக் காசில் இருந்த அப்பல்லோவின் தலை படிப்படியாக எப்படிச் சிதைந்து பிரிட்டனில் வெறும் இலைகளும் பிறைகளும் ஆனது என்று 1849-இல் வரிசைப்படுத்திக் காட்டினார். எது முன்னது, எது பின்னது என்று காலம் கணிக்க அது அருமையான வழி. டார்வினின் பரிணாமக் கொள்கை அச்சில் வருவதற்கு பத்து ஆண்டுகள் முன்பே இது. பின்னாளில் ஈவன்ஸே தன் காசு வரிசையை இயற்கைத் தேர்வோடு ஒப்பிட்டுப் பேசினார்.

வரிசை சரிதான். "சிதைவு" என்ற சொல்தான் இடிக்கிறது. இதே காலத்தில் இதே மக்கள் செய்த கழுத்துக் காறைகளையும் வாளுறைகளையும் கேடயங்களையும் பாருங்கள். தங்கக் கம்பியைக் கயிறாக முறுக்கிய வேலைப்பாடு, சுருளுக்குள் சுருளாக வளைந்து நடுவில் ஒரு முகத்தை ஒளித்து வைக்கும் அலங்காரம். கை வராதவர்கள் செய்கிற வேலை இல்லை அது. விரல்நகம் அகலமுள்ள அச்சில், இடவலம் மாற்றிக் குழியாகச் செதுக்கி, ஒரு குதிரையின் அத்தனை மூட்டுகளையும் புள்ளி வைக்கத் தெரிந்தவருக்கு, வேண்டியிருந்தால் ஒழுங்கான குதிரையும் செதுக்க வந்திருக்கும்.

எனக்கு இதில் உறுதியான சான்றாகத் தெரிவது அந்தத் தங்கக் காசின் பின்பக்கக் கதைதான். மூலத்தில் இரண்டு குதிரை பூட்டிய தேர். கௌலில் தேர் கரைந்துபோனது, இரண்டு குதிரை ஒன்றாயிற்று, ஆனால் தேர்ச்சக்கரம் மட்டும் குதிரைக்குக் கீழேயோ பின்னாலேயோ தனியாக நின்றுவிட்டது. ஏன் சக்கரம்? கௌல் மக்களுக்குச் சக்கரம் புனிதச் சின்னம். சின்னஞ்சிறு சக்கரங்களை வார்த்துத் தாயத்து போல அணிந்தார்கள், கோயில்களில் குவியலாகக் காணிக்கை போட்டார்கள். தேரை மறந்தவர்கள் சக்கரத்தை மறக்கவில்லை. பிலிப்பின் பெயரை விட்டவர்கள் குதிரையை விடவில்லை. தெரியாத்தனமாக நடந்தால் இப்படிப் பொறுக்கி எடுத்த மாதிரி அமையாது. தேய்ந்த அச்சும் சோம்பேறி வேலையும் இருந்தன, அதை மறுக்கவில்லை. அவற்றைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்கிறேன்.

நிஜமாகவே பூ இருந்த காசு

இனி நம் "பூ"வுக்கு வருவோம். இன்றைய ஸ்பெயினின் வடகிழக்குக் கடற்கரையில் ரோடே என்று ஒரு கிரேக்க ஊர் இருந்தது, இப்போது ரோசெஸ். கிரேக்கத்தில் ரோடோன் என்றால் ரோஜா. ஊர்ப்பெயரை வைத்துச் சிலேடையாகத் தங்கள் வெள்ளிக் காசில் ஒரு ரோஜாவைப் போட்டார்கள். அதுவும் எப்படி? பூவை அடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, நடுவில் காம்பு, சுற்றிலும் புல்லிவட்ட இதழ்கள்.

இந்தக் காசு மலையைத் தாண்டி இன்றைய துலூஸ் பக்கம் போனது. அங்கிருந்த கெல்ட்டியர் பூவை விட்டுவிட்டுப் புல்லிவட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு திசையில் நீளும் அந்த இதழ்கள் ஒரு சிலுவையாயின. சிலுவையின் நான்கு மூலைகளிலும் பிறை, புள்ளி, கோடாலி என்று தங்கள் சின்னங்களை நிரப்பினார்கள். பிரான்ஸில் இவற்றைச் சிலுவைக் காசுகள் என்றே அழைக்கிறார்கள். கிறிஸ்தவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, இயேசு பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தியவை. பல காசுகள் வட்டமாகவும் இல்லை. வெள்ளித் தகட்டை வெட்டி அடித்ததால் மூலைகளோடு, கடலைமிட்டாய்த் துண்டு மாதிரி இருக்கும்.

பன்றி, கொம்பு, தலை

ரோமின் கை ஓங்கிய பிறகு மூலமும் மாறியது. கி.மு. முதல் நூற்றாண்டில் நடு கௌலில் 2 கிராமுக்கும் குறைவான சிறு வெள்ளிக் காசுகள் வந்தன. தலைக்கவசம் அணிந்த ரோமா தேவியின் தலை முன்னால், குதிரை பின்னால். ஓரத்தில் தலைவர்களின் பெயர்கள்.

அவற்றில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். "துப்னோரெக்ஸ்" என்று பெயர் பொறித்தது. ஏடுயி குலத்தின் தலைவன், சீசரின் குறிப்புகளில் தும்னோரிக்ஸ் என்று வருகிறவன், கி.மு. 54-இல் சீசரின் ஆணையால் கொல்லப்பட்டவன். காசின் பின்பக்கம் கவசமணிந்த ஒரு போர்வீரன் நேராக நிற்கிறான். ஒரு கையில் கார்னிக்ஸ் என்ற போர்க்கொம்பும் காட்டுப்பன்றிச் சின்னமும். மறுகையில் முடியைப் பிடித்துத் தூக்கிய ஒரு மனிதத் தலை.

மூன்றுமே அவர்கள் உலகத்துப் பொருள்கள். கார்னிக்ஸ் ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக நிற்கும் வெண்கலக் கொம்பு, வாய் ஒரு மிருகத்தின் தலையாக, பெரும்பாலும் பன்றித் தலையாகத் திறந்திருக்கும். 2004-இல் பிரான்ஸின் டின்டின்யாக் என்ற இடத்துக் கோயில் குழியில் இந்தக் கொம்புகள் பல உடைந்த நிலையில் கிடைத்தன. காட்டுப்பன்றி சிலிர்த்த முதுகுமுடியோடு காசுகளிலும் கொடிக்கம்பங்களிலும் வரும், எதிர்த்து நிற்கும் மூர்க்கத்துக்கு அடையாளமாக. வெட்டிய தலை? எதிரிகளின் தலைகளைக் குதிரையின் கழுத்தில் தொங்கவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று டியோடோரஸ் போன்ற பழைய எழுத்தாளர்கள் திகைப்போடு எழுதியிருக்கிறார்கள். வெளியாள் சொன்னதுதானே என்று ஒதுக்க முடியாதபடி அவர்கள் தலைவனே தன் காசில் போட்டுக்கொண்டான்.

வெள்ளி குறைந்த காலம்

வடமேற்கு பிரான்ஸில் வெள்ளியோடு செம்பு கலந்த காசுகள் பெருகின. பில்லன் என்பார்கள். 2012-இல் ஜெர்சி தீவில், ஒரே வட்டாரத்தில் சுமார் 30 ஆண்டுகள் உலோகம் தேடித் திரிந்த இருவருக்கு இப்படிப்பட்ட காசுகளின் ஒரு புதையல் அகப்பட்டது. எண்ணி முடித்தபோது ஏறக்குறைய 70,000 காசுகள், பச்சைக்களிம்பு பிடித்து ஒரே பாறையாக இறுகிக் கிடந்தன. பெரும்பாலானவை கொரியோசொலித்தே குலத்தாருடையவை: ஒரு பக்கம் சுருள்சுருளான முடியோடு ஒரு முகம், மறுபக்கம் குதிரை, அதன் வயிற்றுக்குக் கீழே காட்டுப்பன்றி. சீசரின் கௌல் படையெடுப்பையொட்டிய காலத்தவை.

பிரிட்டனில் கொஞ்சம் அதிக நாள் ஓடியது. நார்ஃபோக் பகுதியின் இசெனி குலத்தார் சட்டைப் பொத்தான் அளவில், 1.2 கிராம் எடையில் வெள்ளிக் காசு அடித்தார்கள். குதிரை உண்டு, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பிறைகள் உண்டு, "எசென்" என்று எழுத்தும் உண்டு. கி.பி. 60-61-இல் ரோமை எதிர்த்துக் கிளம்பிய பூதிக்கா அரசி இந்தக் குலத்தவள்தான். கலகம் அடங்கியது, அவர்கள் காசும் நின்றது. நார்ஃபோக் மண்ணில் கிடைக்கும் இசெனி வெள்ளிப் புதையல்கள் பல அந்தக் கலகக் காலத்தில் புதைத்தவை.

கடைசியாக மறுபடி டான்யூப் கரை. இன்றைய ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவா இருக்கும் இடத்தில் கி.மு. முதல் நூற்றாண்டில் போயி குலத்தார் சுமார் 17 கிராமில் கனமான வெள்ளிக் காசுகள் அடித்தார்கள். லத்தீன் எழுத்தில் தலைவர்களின் பெயர்கள்: நொன்னோஸ், பியாடெக், இன்னும் பலர். ஒருவர் பெயர் டெவில், ஆங்கிலச் சாத்தானுக்கும் அவருக்கும் உறவில்லை. பியாடெக் காசின் முன்பக்கம் தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றிலிருந்து எடுத்த இரட்டைத் தலைகள். பின்பக்கம் குதிரை மேல் ஒரு வீரன்.

1993-இல் ஸ்லோவாக்கியா தனி நாடாகித் தனக்கென்று காசு அடித்தபோது 5 கொருனா காசில் இந்த பியாடெக் காசின் பின்பக்கத்தையே பொறித்தார்கள். 2009-இல் யூரோ வரும்வரை அந்தக் குதிரைவீரனைக் கொடுத்துத்தான் அங்கே சில்லறைச் சாமான் வாங்கினார்கள்.